அரிப்பு, இருமல், கண்ணில் பூச்சி: மூத்த தம்பதியர் வீட்டில் எது பூச்சி, எது உடம்பு?

நானும் என் கணவரும் எழுபதைத் தாண்டியவர்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். மூட்டைப்பூச்சியை இருமுறையும் எலியை ஒருமுறையும் வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறோம். கரப்பான் பூச்சியோடு நடக்கும் போராட்டம் ஓய்ந்ததே இல்லை. இத்தனை முறையும் நான் செய்த தவறு ஒரே வகையானது. பூச்சியால் வந்ததை வயதின் கோளாறு என்று பொறுத்துக்கொண்டேன். உடம்பின் கோளாற்றைப் பூச்சி என்று எண்ணி மருந்தடித்தேன். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் மூடிய அறையில் அடித்த மருந்தைச் சுவாசிப்பதும் நாங்கள்தான், நோயைக் கவனிக்காமல் நாட்களைக் கடத்துவதும் நாங்கள்தான்.

ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும் இப்போது முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது ஒருவருக்கா, இருவருக்கா? ஒரே படுக்கையில் உறங்கி, ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரண்டு உடம்புகளில் ஒன்று மட்டும் முறையிட்டால், பூச்சியைத் தேடும்போதே அந்த உடம்பையும் மாத்திரைப் பெட்டியையும் பார்க்க வேண்டும். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு; அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறி 1: இரவில் அரிப்பு, காலையில் தோலில் தடிப்பு

*முதலில் படுக்கையைப் பாருங்கள்.* இதற்குச் செலவு எதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மெத்தையின் மேல் சாய்த்துப் பிடித்து, தையல் ஓரத்தை விரலால் விரித்துக்கொண்டே நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். நான் முதன்முறை பார்த்தபோது தலைமாட்டு மூலையில், பேனா முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் ஏழெட்டு இருந்தன. தூசி என்றுதான் நினைத்தேன். ஈரப் பஞ்சால் ஒற்றியவுடன் அவை துருப்பிடித்த செந்நிறத்தில் கசிந்து பரவின. அது மூட்டைப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். தூசியாக இருந்தால் அப்படிக் கசியாது. கட்டில் சட்டங்களின் இணைப்பு, திருகாணித் துளை, தலைப்பலகையின் பின்புறம் ஆகியவற்றையும் இதே போல் பாருங்கள். வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கண்ணாடி அணிந்தால் நம் கண்ணுக்கும் தெரியும்.

விதிக்கு முதல் விலக்கு இங்கே வருகிறது. மூட்டைப்பூச்சி இருவரையும் கடிக்கலாம், ஆனால் தடிப்பு ஒருவருக்கு மட்டும் எழலாம். வயதானவர்களில் பலருக்குக் கடித்த அடையாளமே தோன்றுவதில்லை. என் கணவருக்கு ஒரு புள்ளிகூட எழாததால் அவரும் நானும் சேர்ந்து என் தோலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

புள்ளிகள் இருந்தால் செய்ய வேண்டியது: விரிப்பு, தலையணை உறை, இரவு உடை அனைத்தையும் அங்கேயே பையில் கட்டி எடுத்துச் சென்று 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், உலர்த்தும் எந்திரம் இருந்தால் உயர்ந்த சூட்டில் 30 நிமிடங்கள் ஓடவிட வேண்டும். மெத்தைக்கு முழுவதும் மூடும் ஜிப் உறை போட்டு, ஓர் ஆண்டு கழற்றாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் இப்பூச்சி உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தும் வேலையை இளையவர் யாராவது வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்காக இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவதும், அறை முழுவதும் புகை கக்கும் டப்பாவைத் திறந்துவிடுவதும் வேண்டாம். முன்னது தீயை அழைக்கும். பின்னதன் புகை இடுக்குகளுக்குள் போய்ச் சேராது.

*எப்போது ஆளை அழைப்பது:* இரண்டு வாரம் இவ்வாறு செய்தும் புதிய புள்ளிகள் தோன்றினாலோ, இரண்டாவது அறையில் பூச்சி தென்பட்டாலோ தொழில்முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளர் வர வேண்டும். ஒரே வருகையில் முடித்துவிடுவேன் என்பவரை நம்ப வேண்டாம்; முட்டைகள் பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு மறுமுறை வந்தாக வேண்டும்.

அறிகுறி 2: அரிப்பு இருக்கிறது, படுக்கையில் எதுவும் இல்லை

*இருவருக்கும் அரித்தால்,* விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பைச் சுற்றிய பகுதி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிறு பருக்களோ மெல்லிய கோடுகளோ இருந்து, இரவில் அரிப்பு மிகுந்தால், அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். முதன்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரங்கள்கூட ஆகும்; ஆகையால் ஒருவருக்கு மட்டும் இருப்பது போலத் தோன்றும் காலமும் உண்டு. இது வீட்டில் மருந்தடித்துத் தீரும் பூச்சி அல்ல. தோல் மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். அவர் தரும் களிம்பை அரிப்பு இல்லாதவரும் அதே நாளில் பூசிக்கொள்ள வேண்டும், ஒருவர் மட்டும் பூசினால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். களிம்பு சரியாக வேலை செய்த பின்னரும் அரிப்பு 2 முதல் 4 வாரங்கள் நீடிக்கலாம். அந்தக் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் மீண்டும் மீண்டும் பூசிக்கொள்ளாதீர்கள்.

*ஒருவருக்கு மட்டும் அரித்தால்,* எளிதானதிலிருந்து தொடங்குவோம். முதுமையில் அரிப்புக்கு மிகவும் வழக்கமான காரணம் வறண்ட தோல். குளிக்கும் நீரின் சூட்டைக் குறைத்து, சோப்பைத் தேவையான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, துடைத்த ஈரம் காய்வதற்குள் மணமற்ற களிம்பைத் தடவி இரண்டு வாரம் பாருங்கள். குறையாவிட்டால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, அரிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர் சேர்ந்த மாத்திரை எது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த நிலை ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு ஆகிய எதுவும் தோலில் ஒரு தடயமும் இல்லாமல் அரிப்பாக மட்டுமே வெளிப்படக்கூடும். கண் மஞ்சளாக இருந்தாலும், எடை குறைந்துகொண்டே வந்தாலும், தோலில் நீர்க் கொப்புளங்கள் எழுந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லை; உடனே செல்லுங்கள்.

அறிகுறி 3: ஒருவர் கண்ணுக்குப் பூச்சி தெரிகிறது, மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை

இந்தப் பகுதியைத்தான் மிகவும் கவனத்தோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் ஒரு மாலை, சுவர் ஓரமாக ஒரு சிறு பூச்சி பறந்துகொண்டே இருக்கிறது என்றார். நான் அதை நம்பி இரண்டு நாள் மருந்தடித்தேன். பூச்சி அவர் கண்ணுக்குள் இருந்தது.

*சோதனை:* ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வையைத் திருப்பும்போது பூச்சியும் கூடவே நகர்ந்து, பார்வை நின்ற பின் மெல்ல மிதந்து வந்து நின்றால், அது வெளியே இல்லை. பின்பு மறு கண்ணையும் அதே போல் சோதியுங்கள்.

*நெடுநாளாக ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் மிதந்தால்,* அது பெரும்பாலும் வயதோடு வரும் மாற்றம். அடுத்த கண் பரிசோதனையில் சொன்னால் போதும். *திடீரென்று பல புள்ளிகள் தூவியது போலத் தோன்றினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்கினாலோ* விழித்திரை கிழிந்திருக்கலாம் அல்லது விலகியிருக்கலாம். அன்றைய தினமே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு கடந்தால் பார்வையை இழக்க நேரலாம். என் கணவருக்கு நல்ல வேளையாக முதல் வகைதான், ஆனால் அது நல்ல வேளை என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

*எழுந்து நிற்கும்போது மட்டும் கண்ணில் பூச்சி பறந்தால்,* ரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள்ளும் அளந்து இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

*தரையிலோ படுக்கையிலோ உருவம் உள்ள பூச்சிகள் ஊர்வதாகச் சொன்னால்,* முதலில் எல்லா விளக்குகளையும் போடுங்கள். மங்கிய ஒளியில் தரையின் கோலங்கள் புழுவாகத் தெரிவது உண்டு. அதன் பின்னும் தெரிந்தால், இது எத்தனை நாளாக என்பதே அடுத்த கேள்வி. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று பூச்சி என்று பதறி, பேச்சிலும் குழப்பமோ அசாதாரணத் தூக்கமோ இருந்தால், அது உடம்பின் கோளாற்றால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, நீர் வறட்சி, புதிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று பின்னால் இருக்கலாம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறவராகவும் இருந்தால் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துவிட்டு, பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

மாறாக, பார்வை ஏற்கெனவே மிகவும் குறைந்த ஒருவர், "இது நிஜமில்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் தெரிகிறது" என்று அமைதியாகச் சொன்னால், அது பார்வைக் குறைவால் வரும் தோற்றமாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். நடை தளர்ந்து, கை நடுங்கி, மாதக்கணக்கில் இத்தகைய காட்சிகள் வருமானால் நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நடுக்கத்துக்குத் தரப்படும் மாத்திரைகளும் இதை உண்டாக்குவது உண்டு.

*கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, தோலில் ஊர்வது மட்டும் இருக்கிறது* என்றால், கட்டில் கால்களின் அருகே பசை அட்டைகளை, நடக்கும் வழியை விட்டு ஒதுக்கி, நான்கு இரவுகள் வையுங்கள். எதுவும் ஒட்டாவிட்டால் வைட்டமின் பி12 அளவையும் நரம்புகளின் நிலையையும் பரிசோதிக்கக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். இந்தக் கட்டத்தில் துணையைக் கேலி செய்யாதீர்கள், "பூச்சியே இல்லை" என்று வாதாடவும் வேண்டாம். "நாலு நாள் அட்டை வைத்துப் பார்ப்போம், பிறகு டாக்டரிடம் போவோம்" என்பது இருவரும் ஏற்கக்கூடிய வழி.

அறிகுறி 4: கழிப்பறையில் எறும்பு மொய்க்கிறது

சிந்திய சோப்பு, ஈரம், சுவர் வெடிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். தரையை நன்கு கழுவிவிட்டு, அடுத்த நாள் ஒருவர் பயன்படுத்திய பிறகு மட்டும் எறும்பு வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்ற பழைய சந்தேகம் நியாயமானதே. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்; 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் அது சர்க்கரை நோய்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் பயப்படுமுன் மாத்திரைப் பெயரைப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கின்றன. ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் எறும்பு வரும். எறும்பு வராததால் சர்க்கரை இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. சர்க்கரை 300-ஐத் தாண்டி வாந்தியோ மயக்கமோ இருந்தால் மருத்துவமனை. அந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கு வாந்தியும் மூச்சு வாங்குதலும் வந்தால், அளவு குறைவாகக் காட்டினாலும் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

அறிகுறி 5: விடாத இருமல், இரவில் மூச்சு இழுப்பு

*இருவருக்கும் என்றால்,* அறையில் எதை எரித்தீர்கள், எதை அடித்தீர்கள் என்று பாருங்கள். கொசுவத்தியையும் தெளிப்பானையும் ஒரு வாரம் நிறுத்திக் கொசுவலைக்கு மாறுங்கள். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி, இரவில் எழும்போது காலில் சிக்காதபடி ஒரு பக்கத்தை மட்டும் வாசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரப்பான். அதன் கழிவும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். மிளகுத் தூள் போன்ற துகள்கள் சமையலறை அலமாரியின் கீல் ஓரத்தில் இருந்தால் ஜெல் மருந்தைச் சிறு பொட்டுகளாக இடுக்குகளில் வையுங்கள். வைத்த இடத்தில் தெளிப்பான் அடித்தால் கரப்பான் அதைத் தொடாது. இரண்டையும் சேர்த்துச் செய்து ஜெல் வேலை செய்யவில்லை என்பதுதான் நான் அதிகம் கேட்ட புகார். பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். பகல் நேரத்திலும் கரப்பான் ஓடினால் எண்ணிக்கை மிகுந்துவிட்டது, ஆளை அழையுங்கள். போரிக் பொடி வைப்பவர்கள் அதை அசல் டப்பாவை விட்டு மாற்றவே கூடாது. எங்கள் வீட்டில் அது ஒரு காலி மருந்துக் குப்பியில், வயிற்றுப் பொருமலுக்கான பொடிக்குப் பக்கத்தில் இருந்தது; என் கணவர் கரண்டியை உள்ளே விட்ட பிறகுதான் நான் பார்த்தேன். அந்துருண்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நினைவு தடுமாறும் ஒருவர் இருக்கும் வீட்டில் அது வெள்ளை மிட்டாயாகத் தெரியும்.

*ஒருவருக்கு மட்டும் வறட்டு இருமல் என்றால்,* ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போல 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் சிலருக்கு மாதக்கணக்கில் இருமலைத் தரும். மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றித் தருவார். படுத்தால் மூச்சு முட்டி, தலையணைகள் கூடிக்கொண்டே போய், கால் வீங்கினால் அது இதயத்தின் முறையீடு. அன்றே காட்டுங்கள்.

அறிகுறி 6: எலிப் புழுக்கை, காலில் தெரியாமல் வந்த காயம்

புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசியோடு கிருமி எழும்பும். கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். பிளீச்சோடு கழிப்பறை அமிலத்தைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். பின்பு துளைகளை அடையுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் அதைக் கடித்துத் திறப்பது கடினம். அடுத்து பொறி.

விஷம் கடைசி. மூத்தவர்கள் வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் மருந்தைத் தவறி உட்கொண்டவர் ஓரிரு நாள் நலமாக இருப்பது போலத் தோன்றிப் பின்னர் கல்லீரல் செயலிழந்து போகலாம். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தின் விளைவு தெரியவும் சில நாட்கள் ஆகும். ஆகவே யாராவது உட்கொண்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, நலமாகத் தெரிந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல், மருந்தின் அட்டையோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு, உறக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. காலையில் விரிப்பில் ரத்தக் கறை இருந்தால்தான் தெரியும். எலி நடமாட்டம் தெரிந்த நாளிலிருந்து ஒருவர் பாதத்தை மற்றவர் தினமும் விரல் இடுக்கு வரை பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவருக்கு இதைவிடச் சிறந்த உதவி இல்லை. காயம் இருந்தால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலி நடமாடிய ஈரத்தில் புழங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "வீட்டில் எலி இருந்தது" என்ற வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; எலிக் காய்ச்சலைச் சோதிக்க அவருக்கு அந்த ஒரு தகவல் போதும்.

அறிகுறி 7: கொசுக்கடிக்குப் பின் காய்ச்சல்

பகலில் கடிக்கும் கொசு வீட்டிலேயே தேங்கிய தெளிந்த நீரில் வளர்கிறது. வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் முதல் நாளே மருத்துவரைக் கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய அடுத்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். அப்போது கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 8: காதுக்குள் படபடப்பு

காது கேட்கும் கருவி இருந்தால் கழற்றுங்கள். பாதிக்கப்பட்ட காது மேலே இருக்கும்படி படுத்து, வெதுவெதுப்பான எண்ணெயைச் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும். செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இருப்பவருக்கு எதையும் விடக் கூடாது. பட்ஸும் ஊக்கும் வேண்டாம். அடங்கிய பூச்சி தானாக வெளியே வராவிட்டால் மருத்துவர் எடுத்துவிடுவார்.

அறிகுறி 9: மருந்தடித்த பின் தலைவலி, கிறுகிறுப்பு

வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள், உடையை மாற்றுங்கள், தோலைச் சோப்பால் கழுவுங்கள். பெரும்பாலும் இதிலேயே தணியும். எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஆம்புலன்ஸை அழைத்து, மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது நேராமல் இருக்க, பூச்சிக்கட்டுப்பாட்டாளர் வேலையைத் தொடங்குமுன் மருந்தின் பெயரையும் எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டில் ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பி வந்ததும் சன்னல்களைத் திறந்து, ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடங்கள். மருந்து படிந்த வழவழப்பான தரையில் எண்ணெய் போலக் கால் வழுக்கும். தரையைத் துடைக்கும் வரை செருப்போடு இருங்கள். அந்தத் தாளை மாத்திரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டால், இரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது மற்றவர் அதைத் தேட வேண்டியிருக்காது.